கோரைப் பாயில் பிலாட்டிஸ் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தண்டையார்பேட்டையில் வீடு. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை பத்தரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நின்றபடிதான். இரண்டு வருடமாக இடுப்பு வலி. குனிந்து நிமிர்ந்தால் பிடித்துக்கொள்கிறது; காலுக்கு இறங்கவில்லை. ஸ்கேனில் எல்-4, எல்-5 நடுவில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். "ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன எக்சர்சைஸ் என்று சொல்லவில்லை. அக்கா மகள் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சியைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள். அண்ணா நகரில் மெஷின் வைத்துச் சொல்லித்தரும் இடத்தில் கேட்டால், மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதி. எங்களுடையது ஒரே அறை வீடு, ஒரு பாய் விரிக்கத்தான் இடம். வீட்டிலேயே செய்யலாமா? இரண்டு பிரசவமும் சிசேரியன். சின்னவனுக்கு 11 வயது. தொப்பை குறையுமா? தூக்கம் சரியில்லை, எடுத்ததற்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். மனசுக்கும் இது நல்லது என்கிறார்களே, உண்மையா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். எதை முதலில் எடுப்பது, எதை இப்போதைக்குத் தொடவே கூடாது என்பது தெரிந்தால் போதும். போனில் வரும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்தால், உங்கள் இடுப்புக்கு ஆகாத இரண்டு மூன்று பயிற்சிகள் முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும்.

முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட். எல்-4, எல்-5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகள்; அவற்றின் நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுதான் டிஸ்க். அதைப் படித்த நாளிலிருந்து குனியவே பயப்படுகிறவர்கள் நிறைய பேர். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம், 40 வயதில் 50 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. வலி மட்டும் இல்லை. தலை நரைப்பதைப் போல வயதோடு வருகிற மாற்றம் இது. உங்கள் வலியில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்; பத்து மணி நேரம் நிற்பதற்கும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை வேறு சில. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குதல், படுத்தாலும் விடாத இரவு வலி, பாதம் தொங்கிப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே, எந்த நேரமானாலும், ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி பிலாட்டிஸ். விளம்பரங்களில் 'பைலேட்ஸ்' என்று எழுதுகிறார்கள். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜோசப் பிலாட்டிஸ் 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைக்கப்பட்டார். தன் முறையை அங்கே செதுக்கிக்கொண்டு, 1920-களில் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் திறந்தார். 1967-ல் இறக்கும் வரை அவர் இதற்கு வைத்திருந்த பெயர் 'கன்ட்ராலஜி', கட்டுப்பாட்டுக் கலை. அண்ணா நகரில் நீங்கள் பார்த்த மெஷினின் பெயர் ரிஃபார்மர். ஸ்பிரிங் கட்டிய பலகை முன்னும் பின்னும் ஓடும். சில பயிற்சிகளில் அந்த ஸ்பிரிங் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், சிலவற்றில் எதிர்த்து இழுக்கும். நல்ல கருவிதான். ஆனால் தரையில் பாய் போட்டுச் செய்யவே 34 பயிற்சிகளை அவர் தனியாக வகுத்திருக்கிறார். உங்களுக்கு அதிலும் ஐந்தாறு, அவையும் எளிமையாக்கப்பட்ட வடிவத்தில், போதும்.

யோகாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். யோகாசனத்தில் ஒரு நிலைக்குப் போய் அதில் நிலைத்திருப்பது பெரும்பாலும் வழக்கம். பிலாட்டிஸில் நடு உடம்பை அசையாமல் வைத்துக்கொண்டு கை கால்களை அசைப்பதே வேலை. ஏற்கெனவே யோகா செய்கிறவர் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டியதில்லை.

அந்த நடு உடம்பை ஒரு குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் மூடி உதரவிதானம், மூச்சுத் தசை. அடிப்பாகம், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள். சுற்றுச் சுவர், வயிற்றைக் குறுக்காகச் சுற்றி ஓடும் ஆழமான தசை. பின்பக்கம், முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சின்னச் சின்ன முதுகுத் தசைகள். கையைத் தூக்கும் முன்பே இந்த நான்கும் மெல்ல இறுகி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாள்பட்ட முதுகு வலியில் இந்த முன்கூட்டிய இறுக்கம் சிலருக்குத் தாமதமாகலாம். பின்பக்கத்துச் சின்னத் தசைகள் மெலிந்தும் போகலாம். வலி போனாலும் அவை தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம். மாத்திரையில் சரியான இடுப்பு மூன்று மாதம் கழித்து மறுபடி பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாய் விஷயம். கோரைப் பாய் டைல்ஸ் தரையில் வழுக்கும். அதன் மேல் ஒரு ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். மெத்தை வேண்டாம், இடுப்பு அமுங்கினால் முதுகு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாவாடை நாடா இறுக்கிக் கட்டியிருந்தால் விலா விரியாது, அதனால் சுடிதார் பேன்ட் வசதி. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் செய்யாதீர்கள். இரவு முழுக்கப் படுத்திருந்ததில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரம் முதுகை வளைப்பது அதற்குச் சுமை. தண்ணீர் பிடித்து, சமையல் முடித்து, சாப்பிடுவதற்கு முன் ஒரு இருபது நிமிடம் கிடைத்தால் அதுதான் சரியான நேரம்.

முதல் வாரம் மூச்சு மட்டும். இதை யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. செய்யாததால்தான் பின்னால் எல்லாம் கெடுகிறது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வையுங்கள். நாடா கட்டும் இடத்துக்குப் பின்னால், இடுப்புக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். முஷ்டி நுழையக் கூடாது. இதுதான் உங்கள் முதுகின் இயல்பான வளைவு. ஒரு துண்டைக் கீழ் விலாவைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கால் நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுக்கும்போது துண்டு பக்கவாட்டிலும் பின்பக்கமும் தள்ளப்பட வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் மூச்சு மேலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு சூடான டீயை ஊதுவது போல வாயால் ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். விடும்போது சிறுநீரை அடக்குவது போல அடியிலிருந்து மெல்ல மேலே இழுங்கள். அந்த இழுப்பு தொடர்ந்து, நாடாவுக்குக் கீழே அடிவயிறு தானாகத் தட்டையாகும்.

எவ்வளவு இழுப்பது? முழு பலம் பத்து என்றால் மூன்று. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். 'வயிற்றை உள்ளே இழு' என்றதும் போட்டோவுக்கு நிற்பது போல எக்கிக்கொண்டு மூச்சையும் அடக்கிவிடுகிறார்கள். மூச்சு அடைபட்டால் குடத்துக்குள் அழுத்தம் ஏறி, அது அடிப்பாகத்தைத்தான் தள்ளும். இருமும்போது, தும்மும்போது சொட்டுச் சிறுநீர் கசியும் பிரச்சினை இருந்தால் அது இன்னும் மோசமாகும். ரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கும் மூச்சடக்குவது ஆகாது. சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க எளிய வழி: இழுத்துப் பிடித்த நிலையிலேயே அன்றைய காய்கறிக் கணக்கைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பேச முடிந்தால் சரி. பத்து மூச்சு, தினமும் இரண்டு வேளை.

இரண்டாவது வாரம் கால் தூக்குதல். பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அதே படுக்கை நிலையில் வலது கையை, உள்ளங்கை தரையைப் பார்க்க, நாடா கட்டும் இடத்துக்குக் கீழே செருகிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி இடது பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி, முழங்கால் இடுப்புக்கு நேர் மேலே வரும் வரை கொண்டுவாருங்கள். மூச்சை இழுத்து நிறுத்துங்கள். விட்டபடி இறக்குங்கள். இவ்வளவுதான். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது காலை அல்ல, கீழே உள்ள கையை. கால் தரையை விட்டுப் புறப்படும் அந்த நொடியில் புறங்கையின் மேல் அழுத்தம் மாறக் கூடாது. குறைந்தால் இடுப்பு வில்லாக வளைகிறது. தொடையைத் தூக்கும் தசை இடுப்பு முள்ளெலும்புகளிலிருந்தே புறப்படுகிறது. வயிற்றுத் தசை பிடித்து நிறுத்தாவிட்டால், அது காலைத் தூக்கும்போதே முதுகையும் முன்னால் இழுத்துவிடும். குடத்தைத் தூக்கும்போது உங்களுக்குச் சுரீரென்று பிடிப்பதும் இதே இழுப்பாக இருக்கலாம். அழுத்தம் கூடினால், முதுகைத் தரையில் திணிக்கிறீர்கள், அதுவும் வேண்டாம். ஒரு காலுக்கு ஐந்து முறை, மாற்றி மாற்றி. ஐந்தாவதில் கை பிசகாமல் இருந்தால் அடுத்த வாரம் எட்டு.

கால் தூக்கும்போது தொப்புளுக்கு மேலும் கீழும் நடுவயிறு கூரை முகடு போலப் புடைத்து எழுகிறதா என்றும் பாருங்கள். பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் முழுசாகச் சேராமல் இருந்தால் இப்படி வரும். படுத்தபடி தலையை மட்டும் சற்றுத் தூக்கி, தொப்புளுக்கு மேல் நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகப் பள்ளம் இறங்கினால், தலை தூக்கிச் செய்யும் எதையும் தொடாதீர்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் காட்டிவிடுங்கள். சிசேரியன் ஆகிப் பதினொரு வருடம் ஆனதால் தையலைப் பற்றிப் பயம் வேண்டாம்.

மூன்றாவது, பாலம். குதிகால் கைவிரல் நுனிக்கு எட்டும் தூரத்தில் பாதங்களை வைத்து, மூச்சை விட்டபடி முதலில் புட்டம், பிறகு இடுப்பு, பிறகு முதுகு என்று பூச்சரத்தை ஒரு முனையில் பிடித்துத் தூக்குவது போல எழும்புங்கள். மேலே ஒரு மூச்சு இழுத்து, விட்டுக்கொண்டே மேல்முதுகிலிருந்து ஒவ்வொரு முள்ளெலும்பாகப் பாயில் வையுங்கள். ஆறு முறை. தொடையின் பின்பக்கம் நரம்பு இழுத்துக்கொண்டால், பாதம் தள்ளியிருக்கிறது அல்லது புட்டத் தசை வேலை செய்யாமல் தொடையே முழுச் சுமையையும் எடுக்கிறது. பாதத்தை நான்கு விரற்கடை உள்ளே இழுத்து, எழும்பும் முன் புட்டத்தை இறுக்குங்கள். மேலே போனதும் விலா பிதுங்கும் அளவுக்குத் தூக்க வேண்டாம். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சாய்வு போதும். சரம் போல வளைத்து எழும்பும்போது இடுப்பில் குத்தினால், இரண்டு வாரம் முதுகை வளைக்காமல் பலகை போலத் தூக்குங்கள்.

இவற்றோடு ஒருக்களித்துப் படுத்து மேல் காலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குதல், பக்கத்துக்கு எட்டு. தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல், பக்கத்துக்கு ஐந்து. கடைசியாகக் குப்புறப் படுத்து, நெஞ்சை மட்டும் நான்கு விரல் உயரம் தூக்குதல், ஐந்து. மொத்தம் இருபது நிமிடம், வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி.

வீடியோக்களில் 'ஹண்ட்ரட்' என்று ஒன்று முதலிலேயே வரும். தலையும் காலும் தூக்கியபடி ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சிழுத்து, ஐந்துக்கு விட்டு, நூறு வரை கைகளை அடிப்பார்கள். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். ஆசையாக இருந்தால் தலையையும் பாதங்களையும் தரையில் வைத்தபடி முப்பது வரை செய்யலாம். படுத்த நிலையிலிருந்து சுருண்டு எழுவது, பந்து போல உருள்வது, இரண்டு காலையும் நீட்டி ஒன்றாக இறக்குவது, மூன்றும் டிஸ்க் பிதுங்கிய இடுப்புக்கு ஆகாது. எலும்பு மெலிந்துபோன பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களும் உங்களோடு சேர்ந்து உருள வேண்டாம். முன்பக்கம் வளைந்து அழுந்தினால் முள்ளெலும்பு நொறுங்கிவிடக்கூடும்.

வலி வந்தால்? பத்துக்கு மூன்று அளவு வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இடுப்பில் இருந்த வலி தொடைக்கும் காலுக்கும் இறங்கினால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

எத்தனை நாளில் குறையும் என்றால், ஆறிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் 10 சோதனைகளையும் அவற்றில் கலந்துகொண்ட 510 பேரையும் ஆராய்ந்தது. எதுவும் பெரிதாகச் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டிஸ் செய்தால் இடுப்பு வலியும் அன்றாட வேலையில் உள்ள சிரமமும் குறைகின்றன. மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. பிலாட்டிஸ் செய்யாவிட்டால் இடுப்பு போய்விடும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கு நல்ல பயிற்சி.

தொப்பைக்கு நேரான பதில்: இதனால் மட்டும் கரையாது. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் பாய்ப் பயிற்சி செய்தால் செலவாவது சுமார் 90 கலோரி, இரண்டு இட்லிக்குச் சரி. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையும் என்பதும் நடக்காது. அடிவயிற்றுத் தசை இறுகி, நிமிர்ந்து நிற்கப் பழகுவதால் ஜாக்கெட், பாவாடை சற்றுத் தளர்ந்தது போல இருக்கும். எடை மெஷினில் அது தெரியாது. வாரம் 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடல் இயங்க வேண்டும், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிலாட்டிஸ் அந்த இரண்டாவது கணக்கில் சேரும். முதல் கணக்குக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து எம்.சி. ரோட்டுக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு ஐந்து நாள் அரை மணி நேரம் நடங்கள்.

தூக்கமும் கோபமும். பிலாட்டிஸ் செய்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் களைப்பும் குறைந்ததாகச் சில சோதனைகள் சொல்கின்றன. எல்லாம் சின்ன அளவில் நடந்தவை. எப்படி வேலை செய்கிறது என்பது ஓரளவு புரியும். வெளிமூச்சை நீட்டும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது. கையின் கீழே அழுத்தம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இருபது நிமிடமும் மனசு கடைக் கணக்குக்கும் வீட்டு வாடகைக்கும் ஓட முடிவதில்லை. குனிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் விலகுவதும் சாதாரண விஷயம் இல்லை. படுக்கப் போகும் முன் அந்தத் துண்டு மூச்சைப் பத்து முறை செய்யுங்கள். ஆனால் எல்லாவற்றையும் பாயின் தலையில் கட்டாதீர்கள். 41 வயதில் தூக்கம் கெட்டு, எரிச்சலும் இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மாதவிலக்கு முன்பின்னாகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வந்தால் 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பாயில் இருபது நிமிடம், கடையில் பத்து மணி நேரம். கணக்கு அங்கேதான் இடிக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி, ஊழியர்கள் உட்கார முதலாளி இருக்கை தர வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்கள் உட்காரலாம். கேட்கத் தயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேளுங்கள். நிற்கும்போது கவுன்டருக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, ஒரு பாதத்தை அதன் மேல் வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து தொங்கி நிற்பதை விடுங்கள். சேலைக் கட்டைத் தூக்கும்போது அதை வயிற்றோடு அணைத்து, தூக்கும் நொடியில் மூச்சை விடுங்கள். குடமும் அப்படியே. 15 லிட்டர் குடத்தை எப்போதும் இடது இடுப்பில் ஏற்றினால் முதுகு அந்தப் பக்கமே வளைந்து தாங்கும். இரண்டு கையிலும் பாதிப் பாதி அளவு பக்கெட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நடை ஒன்று கூடினாலும் பரவாயில்லை.

எட்டு வாரம் கழித்து, கையில் அழுத்தம் மாறாமல் ஒரு காலுக்குப் பத்து முறை தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் போய்ப் பார்க்கலாம். உள்ளே நுழைந்ததும் மெஷினில் படுக்கச் சொல்லாமல், ஸ்கேன் இருக்கிறதா, பிரசவம் எப்படி ஆனது, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கேட்காதவரிடம் அடுத்த மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.